போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற மீரியபெத்தை. நாட்கணக்காக மழை. காலையில் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். பெரியவர்களில் சிலர் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். மிச்சப் பேர் லயத்தில். அந்த நேரத்தில்தான் மேலே நின்ற மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயங்களை மூடியது. பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்குத் தங்கள் வீடு இருந்த இடமே தெரியவில்லை.

எத்தனை பேர் செத்தார்கள்? முதல் இரண்டு நாட்களில் காணாமல் போனவர்கள் நூறு பேர், இருநூறு பேர், முந்நூறு பேர் என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பிறகு அரசாங்கக் கணக்கு நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. எண்ணிக்கை குறைந்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு ஏன் உடனே சொல்ல முடியவில்லை?

அதைவிடப் பெரிய கேள்வியும் ஒன்று உண்டு. அந்த மலை சரியக்கூடியது என்பது 2005இலேயே தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆண்டே அங்குள்ள மக்களை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தது. 2011இல் திரும்பவும் சொன்னது. அதாவது முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் நடுவில் ஒன்பது வருடம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘இயற்கை அனர்த்தம்’.

சரிவு நடந்த பிறகு அதிகாரிகள் சிலர் சொன்ன பதில் நமக்குப் பழகிப்போன ஒன்று: “நாங்க போகச் சொன்னோம், அவங்க போகல.” தோட்ட மக்கள் பக்கத்துப் பதிலும் சுருக்கமானதுதான்: “எங்க போறது?” இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருநூறு வருட வரலாறு கிடக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கிளறிப் பார்க்கப்போகிறேன். காலநிலை, சமத்துவமின்மை, பொதுச் சேவை என்று நாம் தனித்தனியாகக் கதைக்கிற மூன்றும் மலையகத்தில் ஒரே காம்பிராவுக்குள் இருப்பதைப் பார்க்கத்தான் இந்த முயற்சி.

மலை எப்படித் தளர்ந்தது

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840இல் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. ‘இது என் காணி’ என்று ஆவணம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தம் என்பதே அதன் சாரம். அப்படி எடுத்த காணியை அரசு தோட்டக்காரர்களுக்கு மலிவாக விற்றது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே பலர். கண்டியச் சிங்களக் கிராமங்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தையும் சேனையையும் இழந்தது இப்படித்தான். இதை மறந்துவிடக் கூடாது. பின்னால் திரும்ப வருவேன்.

காடு வெட்டியது யார்? தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் ஆட்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் சரியாக இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்த நடைபவனி அந்தப் பாதையைத்தான் நினைவுபடுத்தியது.

மலைக்காடு என்பது வெறும் மரங்கள் இல்லை. ஆழமாக இறங்கிய வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். இலையும் சருகும் மழையை மெதுவாக உள்ளே விடும். காட்டை வெட்டிவிட்டு ஒரே பயிரை நட்டால் இந்த இரண்டு வேலையும் நின்றுபோகும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி நிரம்பும்போது, மண் துகள்களுக்கு இடையிலான பிடிமானம் தளரும். பாரமும் கூடும். சரிவு செங்குத்தாக இருந்தால், அடியில் பழைய சரிவொன்றில் வந்து தங்கிய தளர்ந்த மண்ணும் இருந்தால், ஒரு பெரிய மழை போதும். தோட்டக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. சரிவுக்குக் குறுக்கே ‘கான்’ வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் வழிய விடுவது தோட்ட வேலையில் ஒரு முக்கிய பகுதி. கான் வெட்டுகிற ஆளுக்குத் தனிக் கணக்கே இருந்தது. கானைப் பராமரிக்காத மலையில் என்ன நடக்கும் என்று எந்தத் தோட்டத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார்.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சில வருடங்களில் கோப்பி அழிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு வருடத்தில் சில மாதங்கள்தான் ஆள் தேவை. தேயிலைக்கு வருடம் முழுக்கத் தேவை. ஆகவே வந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தங்க ஓர் இடம் வேண்டும். அதுதான் லயம்.

வீடு இல்லை, காம்பிரா

லயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமாக ஒரே கூரை. அதற்குள் வரிசையாக அறைகள். பல இடங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. ஓர் அறை கிட்டத்தட்ட பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. அறைக்குக் ‘காம்பிரா’ என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்தாலும் அதே காம்பிராவுக்குள் இன்னொரு குடும்பம்.

சின்னது, பழையது என்பதை விடப் பெரிய பிரச்சினை வேறொன்று. அது வேலையோடு ஒட்டிய இருப்பிடம். பெரட்டில் பேர் இருந்தால் காம்பிரா உண்டு. பேர் வெட்டினால் காம்பிராவும் இல்லை. 1921 வரைக்கும் நடைமுறையில் இருந்த ‘துண்டு’ முறையில், கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததாகச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவும் ஏலாது. லயத்துக்கான இடத்தைத் தெரிவு செய்ததும் அதில் வாழப்போகிறவர் இல்லை. துரையின் பங்களாவுக்கு ஓர் இடம், தேயிலைக்கு ஓர் இடம், ஸ்டோருக்கு ஓர் இடம் என்று பார்த்த பிறகு எஞ்சியது எதுவோ அது லயத்துக்கு.

பொதுச் சேவையும் இதே வழியில்தான் வந்தது. 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. 1907இலும் 1920இலும் வந்த கல்விச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. பார்க்க நல்லதாகத்தான் தெரியும். ஆனால் இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். இந்த நாட்டில் மற்ற எல்லோருக்கும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரசாங்கத்தின் பொறுப்பாகிக்கொண்டு வந்தபோது, தோட்டத்துக்குள் அது துரையின் பொறுப்பாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. நம் நாட்டின் பெருமை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்தப் பெருமைக்குள் தோட்டப் பாடசாலைகள் இருக்கவில்லை. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை எடுக்கும் வேலை 1990களில் தொடங்கி, இன்றும் முழுதாக முடியவில்லை.

வாக்கு போனால் வீதியும் போகும்

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடக்காரர் பற்றிய சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும். சுமார் 7 லட்சம் மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்களுக்கு 1952இல் வாக்களிக்க ஆளில்லை.

இதை நாம் ‘உரிமை பறிப்பு’ என்று ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் அன்றாட அர்த்தம் என்ன? ஒரு பாலம் உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது? எந்த அரசியல்வாதிக்கும் உங்கள் வாக்கு தேவையில்லை என்றால், உங்கள் பாலமும் தேவையில்லை. 1950களிலும் 60களிலும் நாட்டின் மற்றப் பகுதிகளில் கிராமத்துக்குக் கிராமம் பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் குடியேற்றத் திட்டமும் போனது. சேமநல அரசு என்று உலகமே புகழ்ந்த இலங்கை அதுதான். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து. கொழுந்து பறித்தவர்களின் உழைப்பில் நாடு சேமநல அரசானது. அந்தச் சேமநலம் லயத்துக்குள் மட்டும் வரவில்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்ச 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களை மூட்டை மாதிரிப் பிரித்ததைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இங்கே எனக்கு வேண்டியது ஒரு விடயம்தான்: ‘போகப்போகிறவர்கள்’ என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு யார் வீடு கட்டிக் கொடுப்பார்? முப்பது நாற்பது வருடம் மலையகம் முழுவதும் தற்காலிக விடுதியாகவே பார்க்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரைக்கும் போனது.

இதற்கிடையில் காணிச் சீர்திருத்தம். 1972, 1975 ஆண்டுகளில் தனியார் தோட்டங்களும் வெளிநாட்டுக் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நாட்டின் காணி வரலாற்றிலேயே மிகப் பெரிய மாற்றம் அது. அந்த மண்ணில் நூறு வருடத்துக்கு மேல் உழைத்தவர்களுக்கு அதில் ஒரு துண்டு கிடைத்ததா? இல்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டது, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில். காணி பிரிக்கலாம், ஆனால் இவர்களுக்கு இல்லை என்பதுதான் அந்தக் காலத்துச் செய்தி.

1992இல் தோட்ட நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் போனது. காணி அரசாங்கத்துடையது, நீண்டகாலக் குத்தகை கம்பனியுடையது, காம்பிரா யாருடையது? கூரை ஒழுகினால் அரசாங்கத்தைக் கேட்டால் ‘கம்பனியைக் கேளுங்க’. கம்பனியைக் கேட்டால் ‘அரசாங்கத்தைக் கேளுங்க’. பிரதேச சபையைக் கேட்டால்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அது தடையாக நின்றது. சபைக்கு வாக்குப் போடலாம், அந்தச் சபை உங்கள் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாது! இது திருத்தப்பட்டது 2018இல். ஆம், நம்மில் பலர் ஓ.எல். முடித்த பிறகு.

எல்லாம் தெரிந்திருந்தது

இப்போது மீரியபெத்தைக்குத் திரும்புவோம். அறிவியல் இல்லை, ஆட்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1986 ஜனவரியில் பெய்த மழையில் நுவரெலியா, பதுளைப் பக்கம் பெரிய மண்சரிவுகள் வந்தன. அதன் பிறகு 1990களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் அபாய வரைபடம் தயாரிக்கத் தொடங்கியது. எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்து என்று நிறம் போட்டுக் காட்டும் வரைபடம். மழை அளவுக்கும் தெளிவான எல்லைகள் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம். 100 தாண்டினால் தயாராகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறுங்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன. மீரியபெத்தைக்கு முதல் எச்சரிக்கை வந்ததும் அதே வருடம்தான்.

ஆக, வரைபடம் இருந்தது. மழைமானி இருந்தது. சட்டம் இருந்தது. இல்லாமல் போனது காணி. எவ்வளவு காணி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரிவுக்குப் பிறகு பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டினார்கள். மலையக வீட்டுத் திட்டங்களில் 2015க்குப் பிறகு சொல்லப்பட்ட அளவு குடும்பத்துக்கு 7 பேர்ச். 75ஐ 7ஆல் பெருக்கினால் 525 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அப்படியென்றால் மூன்றரை ஏக்கருக்கும் குறைவு. பாதை, கான், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு என்றாலும் ஏழு ஏக்கர். ஒன்பது வருடத்தில் அரசாங்கத்தால் கண்டுபிடிக்க முடியாமல் போனது இந்த ஏழு ஏக்கரைத்தான். அதுவும் தனக்கே சொந்தமான மலைகளுக்குள்.

அதே ஒன்பது வருடத்தில் என்னென்ன கட்டினார்கள்? 2010 நவம்பரில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் திறக்கப்பட்டது. 2017இல் அதை 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டிவந்தது. 2013 மார்ச்சில் மத்தளை விமான நிலையம், சுமார் 20 கோடி அமெரிக்க டொலர் செலவில். பிறகு விமானம் வராததால் அதன் களஞ்சியத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். 2012இல் கொழும்பில் தாமரைக் கோபுர வேலை தொடங்கியது. 350 மீற்றருக்கும் மேல் உயரம்.

‘அது வேற பணம், வெளிநாட்டுக் கடன், அதை லயத்துக்குச் செலவழிக்க ஏலாதே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விமான நிலையம் கட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பணம் தானாக மீரியபெத்தைக்கு வந்திருக்காது. ஆனால் நான் சொல்ல வருவது பணத்தைப் பற்றி இல்லை. மத்தளைக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை எடுக்க ஓர் அரசாங்கத்துக்கு முடியும். அமைச்சுகள், திணைக்களங்கள், சட்டத் தடைகள் எல்லாவற்றையும் தாண்ட முடியும். அதே அரசாங்கத்துக்குத் தன் குத்தகைக்காரரிடமிருந்து ஏழு ஏக்கரைத் திருப்பி எடுக்க முடியவில்லை. முன்னுரிமை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பிறகு மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். புது வீடு கைக்கு வர இரண்டு வருடமாயிற்று.

வானத்தின் மேல் பழி

மீரியபெத்தை கடைசி அல்ல. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் புதைந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனையில் தோட்ட லயம் புதைந்தது. 2022 நவம்பரில் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, இலங்கையில் ஒரு சர்வதேசக் காலநிலைப் பல்கலைக்கழகம் அமைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். நான்கு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், மீரியபெத்தையிலிருந்து அதிக தூரமில்லாத பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் மேல் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைநாட்டு மாவட்டங்கள்தான் கடுமையாக அடிபட்டன. எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது.

வெப்பமான காற்று அதிகம் நீராவியைத் தாங்கும். ஆகவே மழை வரும்போது கொட்டித் தீர்க்கும். இதில் சந்தேகமில்லை. இந்த வெப்பத்துக்கு இலங்கையின் பங்கு மிகச் சொற்பம். பணக்கார நாடுகள்தான் பெரும் பொறுப்பு. இதுவும் உண்மை. சர்வதேச மேடையில் நம் தலைவர்கள் இதைச் சொல்லி நட்டஈடு கேட்பதும் சரிதான். ஆனால் அதே நியாயத்தை நாட்டுக்குள்ளும் கேட்க வேண்டாமா? உலகத்திடம் ‘நாங்கள் செய்யாத தவறுக்கு நாங்கள் ஏன் சாக வேண்டும்’ என்று கேட்கிற அரசாங்கத்திடம், வாழ்நாளில் விமானத்தில் ஏறாத, ஒரு காம்பிராவில் ஒரு மின்குமிழ் எரிக்கிற தோட்டத்து அம்மா அதே கேள்வியைக் கேட்கலாம்தானே?

காலநிலை மாற்றம் என்ற சொல் இப்போது ஒரு வசதியான சாக்காகவும் ஆகிவிட்டது. முன்பு ‘கடவுள் செயல்’ என்றார்கள். பிறகு ‘இயற்கை’ என்றார்கள். இப்போது ‘காலநிலை’. மழை கூடியது வானத்தால் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மழைக்குக் கீழே யார் படுத்திருக்கிறார் என்பதை வானம் தீர்மானிக்கவில்லை. 1840இன் காணிச் சட்டம், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1975, 1992, அந்த 33ஆம் பிரிவு: இவைதான் தீர்மானித்தன. எல்லாம் கையெழுத்துப் போட்டு நிறைவேற்றியவை. கையெழுத்தால் வந்ததைக் கையெழுத்தால் மாற்றவும் முடியும்.

முகவரி

‘காணி கொடுத்தால் தேயிலை அழிந்துவிடும்’ என்று ஒரு வாதம் உண்டு. இதையும் கணக்காகவே பார்ப்போம். இரண்டு லட்சம் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 7 பேர்ச் வேண்டாம், 10 பேர்ச்சாகவே கொடுப்போம். மொத்தம் 12,500 ஏக்கர், அதாவது சுமார் 5,000 ஹெக்டேயர். நாட்டில் தேயிலை நிற்கும் நிலம் சுமார் 2 லட்சம் ஹெக்டேயர். நூற்றுக்கு இரண்டரை. தோட்டங்களில் கைவிடப்பட்டுக் காடு பிடித்த நிலம் எவ்வளவு என்று மலையகத்தில் ஒரு சுற்று போய் வந்தாலே தெரியும். தேயிலை இதனால் அழியாது.

இன்னொரு வாதம் ‘அவங்களே போக மாட்டாங்க’. ஏன் போக மாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காம்பிராவை விட்டு வெளியேறினால் அந்தக் காம்பிராவும் கையை விட்டுப் போகலாம். பாடசாலை மண்டபத்தில் இரண்டு கிழமை இருந்துவிட்டுத் திரும்பவும் அதே லயத்துக்குத்தான் வர வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, அதற்கே எத்தனை வருடப் போராட்டம்! வீட்டை இழந்தவருக்கு நட்டஈடு என்று அறிவித்தாலும், உறுதி இல்லாதவர் எதைக் காட்டி ‘இது என் வீடு’ என்பார்? நகரத்தில் சொந்த வீடு இருப்பவருக்கு ‘வெளியேறுங்கள்’ என்பது ஓர் எச்சரிக்கை. லயத்தில் இருப்பவருக்கு அதுவே ஒரு மிரட்டலாகக் கேட்கும்.

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று அரசாங்கத்துக்கு ஏன் தெரியவில்லை? பல தோட்டங்களில் இன்றைக்கும் தபால், வீட்டுக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ வந்து சேரும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தனி முகவரி இல்லாத ஆளுக்குக் கடிதமும் பிந்தும், எச்சரிக்கையும் பிந்தும், கடைசியில் சாவுக் கணக்கும் பிந்தும்.

அதனால் என் கட்சி இதுதான். இலங்கையில் காலநிலைக் கொள்கையின் முதல் பக்கம் பல்கலைக்கழகமோ சூரியசக்தி ஒப்பந்தமோ ஆக இருக்கக் கூடாது. அவை வேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் வரட்டும். முதல் பக்கம் காணி உறுதி. பாதுகாப்பான சரிவில், குடும்பத்தின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து, ஒரு துண்டுக் காணி. அதற்கு ஒரு முகவரி. அந்த முகவரிக்குத் தமிழில் வரும் எச்சரிக்கை. கானைப் பராமரிக்கப் பிரதேச சபைக்குப் பணம். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

இது மலையகத் தமிழருக்கு மட்டுமான கோரிக்கையும் அல்ல. 1840இல் காணியை இழந்த கண்டியக் கிராமத்தின் பேரப்பிள்ளைகளும் இன்று அதே சரிவுகளின் ஓரத்தில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். அரநாயக்கவில் புதைந்தது அவர்கள். ஒரே சட்டம் ஒருவரின் காணியைப் பறித்தது, அதே காணியில் இன்னொருவரைக் காணியில்லாமல் குடிவைத்தது. நூறு வருடமாக இந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் எதிரியாகக் காட்டி வாக்கு வாங்கியிருக்கிறார்கள். மண் சரியும்போது இரண்டு பேரும் ஒரே பாடசாலை மண்டபத்தில்தான் பாய் விரிக்கிறார்கள்.

அடுத்த தேர்தலுக்கு ஊருக்கு ஆள் வரும்போது, அது எந்தக் கட்சியாக இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பிரதேசத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் சிவப்பில் இருக்கும் லயங்கள் எத்தனை? அந்தக் குடும்பங்களுக்கான காணி எங்கே அளக்கப்பட்டிருக்கிறது? எந்த மாதத்தில் கொடுப்பீர்கள்? பதில் ‘பார்ப்போம்’ என்று வந்தால், 2005இலும் அதைத்தான் சொன்னார்கள் என்று ஞாபகப்படுத்துங்கள்.